வினாத்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கினால் மாதிரி வினாத்தாளோடு 'பயப்படாமல் எழுதுங்கள்' என்ற அறிவுரையும் எல்லா நாளிதழ்களிலும் வந்துவிடுகிறது. மாதிரி வினாத்தாளால் பயன் உண்டு. அந்த அறிவுரையால் இல்லை. நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் பிள்ளை நினைத்துச் செய்கிற காரியமல்ல, நிறுத்து என்றால் நிற்பதற்கு. உடம்புக்குள் என்ன நடக்கிறது, அதை எந்த வழியாகத் தணிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தால்தான் பிள்ளைக்கு உதவி.

முதல் கேள்வியே தெரியாத கேள்வியாக இருக்கிறது என்று வையுங்கள். அதை முழுதாகப் படித்து முடிப்பதற்குள், சிறுநீரகங்களின் மேல் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு மூளையிலிருந்து நரம்பு வழியாக உத்தரவு போய்விடும். சில நொடிகளில் அவற்றிலிருந்து அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமெடுக்கும். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல்கள் ஜில்லிடும். எச்சில் குறைந்து நாக்கு ஒட்டும். இரைப்பை மந்தமாகி, பெருங்குடல் மட்டும் முடுக்கிவிட்டதுபோல் ஓடும். வயிற்றைக் கலக்குகிறது என்று பிள்ளை சொல்வது பொய்யில்லை. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைக்கு அதில் பாதி வேண்டாத வேலை.

நல்ல செய்தி, ரத்தத்தில் கலந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மேலும் மேலும் பயத்தை ஊட்டாவிட்டால் முதல் அலை தானாக அடங்கும். அடங்காவிட்டால் இரண்டாவது அலை இருக்கிறது. அதே சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து வரும் கார்ட்டிசால் மெதுவாக ஏறி, 20 முதல் 30 நிமிடத்தில் உச்சத்தைத் தொடும். அது கூடியிருக்கும்போது, ஏற்கெனவே படித்து வைத்ததை நினைவிலிருந்து எடுப்பது கடினமாகிறது. யோசித்து வரிசைப்படுத்தும் முன்மூளையும் அந்த நேரத்தில் தடுமாறுகிறது. 'எல்லாம் மறந்துபோச்சு' என்பது இதுதான். படித்தது அழிந்துவிடவில்லை. தேர்வு முடிந்து வாசலைத் தாண்டியதும் அந்த விடை வரிவரியாக ஞாபகத்துக்கு வருவதே அதற்குச் சாட்சி.

நம் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கவென்றே முதல் 10 நிமிடம் தருகிறார்கள். அடுத்த 5 நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க. இந்தக் கால் மணி நேரத்தை உடம்பைத் தணிக்கவும் பயன்படுத்தலாம் என்று எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

அதற்குக் கையில் இருக்கும் கருவி மூச்சு. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கும். மெதுவாக வெளியே விடும்போது இடைவெளி விழும். இளவயதினரிடம் இது விரலுக்கே தெரியும். மூச்சை விடும் நேரத்தில் வேகஸ் என்ற நரம்பு இதயத்தைப் பிரேக் பிடிப்பதுபோல் மெதுவாக்குகிறது. ஆகவே இழுப்பதைவிட விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பதிய உட்கார்ந்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூன்று நிமிடம், பதினெட்டு மூச்சு.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். 'ஆழமா மூச்சு இழுத்து விடு' என்று அவசரப்படுத்தினால் பிள்ளை புஸ்புஸ்ஸென்று பெரிய பெரிய மூச்சாக விடும். தேவைக்கு மேல் கரியமில வாயு வெளியேறி, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, தலை கிறுகிறுக்கும். ரத்தத்தில் பயன்படும் நிலையிலுள்ள கால்சியம் குறைந்து உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்தும். இன்னும் மிஞ்சினால் விரல்கள் ஒன்றாகக் குவிந்து மடங்கிக்கொள்ளும். பேனா பிடிக்க வராது. ஆழமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவு மெல்லிய மூச்சே சரி.

இப்படி விரல் மடங்கிய பிள்ளையைப் பார்த்து வலிப்பு என்று பதறி, கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறவர்கள் உண்டு. சாவியால் ஆவது ஒன்றுமில்லை, பதற்றம்தான் கூடும். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடச் சொல்வதும் வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் பிராணவாயு குறைந்து ஆபத்தாகிவிடும். அறைக் கண்காணிப்பாளர் அருகில் நின்று, தாழ்ந்த குரலில் தானும் சேர்ந்து எண்ணினாலே போதும். பிள்ளைக்கு நினைவு தப்பினாலோ, நெஞ்சில் இளைப்புச் சத்தம் கேட்டாலோ 108-ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

மயக்கம் வேறு சங்கதி. அதில் நாடி வேகமெடுப்பதற்குப் பதில் மந்தமாகும், ரத்த அழுத்தம் இறங்கும், முகம் வெளிறிக் குளிர்ந்து வியர்க்கும். அந்தப் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவது மிகத் தவறு; மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை ஓர் அடி உயர்த்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிவு வரும்.

வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு போகிற பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் வரும் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் பயத்தால் வருவதைப் போலவே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் தாங்காது. கிளம்புமுன் நான்கு இட்லியாவது உள்ளே போகட்டும். விழித்திருக்க வேண்டுமென்று வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காபி கொடுக்காதீர்கள். அதிலுள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மூளையில் படிந்து நிலைப்பது தூக்கத்தில்தான் என்பதால், விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுவது உபகாரமே அல்ல.

பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். முகபாவம் காட்டாத நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. ஆய்வுகளில் கார்ட்டிசாலை ஏற்றிப் பார்ப்பதற்கு இன்றுவரை உலகெங்கும் இந்த முறையைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் கழித்தல் கணக்கைவிட உறைப்பது, நாலுபேர் நம்மை எடைபோடுகிறார்கள் என்பதும் எதுவும் நம் கையில் இல்லை என்பதும்தான். பள்ளி வாசலில் நின்று 'எத்தனை மார்க் வரும்?' என்று கேட்பதும், 'உனக்காக எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்' என்பதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. எழுதி முடித்த தாளை வீட்டில் மறுபடி விரிக்காதீர்கள். 'பயப்படாதே' என்பதற்குப் பதில் 'படபடப்பு வந்தால் உடம்பு தயாராகுதுன்னு அர்த்தம், மூச்சை மெதுவா விடு' என்று சொல்லிப் பாருங்கள். அளவான படபடப்பு கவனத்தைக் கூர்மையாக்கவும் செய்யும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லாமை, அடிக்கடி தலைவலி வயிற்றுவலி, மாதவிடாய் தள்ளிப்போவது என்றால் மூச்சுப் பயிற்சியோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். 14416, 104 ஆகிய எண்களில் தமிழில் பேசலாம்.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். அறைக் கண்காணிப்பாளர்களுக்கான அறிவுரைக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்க வேண்டும். தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாதிரி வினாத்தாளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் இதை அச்சிடுங்கள்: 'நான்கு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு, பதினெட்டு முறை. பிறகு நன்றாகத் தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்கு.' தேர்வறையில் முதன்முதலாகச் செய்தால் சரியாக வராது. இரண்டு வாரமாவது தினம் ஐந்து நிமிடம் பழகியிருக்க வேண்டும். ஆகவே திருப்புதல் தேர்வு தொடங்கும் வாரத்திலேயே அது வெளிவர வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும் பொதுநல மருத்துவர்,
திண்டுக்கல்