திரை வைத்த ஆறு தள்ளுவண்டிகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை முதல் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலுள்ள நம் மளிகைக் கடை வாசலில் ஆறு புதிய தள்ளுவண்டிகள் நிற்கும். கைப்பிடிக்கு அருகே ஒரு திரை, விளிம்பில் உள்நோக்கிய கேமராக்கள், அடித்தட்டில் எடையை உணரும் கருவி. பொருளின் பார்கோடைக் காட்டிவிட்டு உள்ளே வைத்தால் பெயரும் விலையும் திரையில் ஏறும். வெளியே எடுத்துவிட்டால் அந்தத் தொகை கழியும். இரண்டு மாதம் இவற்றைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

ஆள் குறைக்கத்தான் இந்த ஏற்பாடா என்று சிலர் கேட்டுவிட்டார்கள். இல்லை. கட்டண முகப்பில் இன்று நிற்பவர்கள் நாளையும் நிற்பார்கள். ரொக்கம் வாங்குவோம். பழைய வண்டியும் கைக்கூடையும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படியானால் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு ஐம்பது வெள்ளித் தாளோடு முதலாளியம்மா அனுப்பிய பணிப்பெண்ணும், ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தோடு வரும் ஊழியரும் நம் கடைக்கு அன்றாடம் வருகிறார்கள். முகப்பில் கணக்குப் போட்டபின் தொகை கூடிவிட்டால், எண்ணெய்ப் புட்டியைத் தனியே நகர்த்தி வைத்து "இது வேண்டாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். பின்னால் வரிசை காத்திருக்கிறது. அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எங்கள் காசாளர்களுக்கே மனம் வருவதில்லை. எவ்வளவு ஆகியிருக்கிறது என்பது அலமாரி முன்னால் நிற்கும்போதே தெரிந்தால், எதை எடுப்பது, எதை அடுத்த வாரத்துக்கு விடுவது என்று அவர்களே நிதானமாக முடிவு செய்யலாம். திரையில் தெரியும் தொகை 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்தது. முகப்பில் அதற்குமேல் ஒரு காசும் ஏறாது.

இந்த எண்ணம் எங்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. அமேசான் நிறுவனம் அமெரிக்காவிலுள்ள தன் பெரிய மளிகைக் கடைகளில் கூரையெங்கும் கேமரா பொருத்தி, வாடிக்கையாளர் எதை எடுத்தார் என்று அதுவே கண்டறியும் முறையை நடத்திவந்தது. 2024 ஏப்ரலில் அந்தக் கடைகளில் அதைக் கைவிட்டு, திரையுள்ள வண்டிகளுக்கு மாறப்போவதாக அறிவித்தது. வாங்கும்போதே கணக்கைப் பார்க்க மக்கள் விரும்பியது அதற்கு ஒரு காரணம். கூரையில் இருக்கும் கணக்கைவிட வாங்குபவர் கண்முன் இருக்கும் கணக்கே மேல் என்பதுதான் எங்கள் கருத்தும்.

ஆனால் இந்த வண்டிகள் பெட்டியிலும் டப்பாவிலும் விற்கும் பொருளுக்காக வடிவமைக்கப்பட்டவை. நம் கடையில் பாதிச் சரக்கு உதிரி. முருங்கைக்காய்க்கும் வெற்றிலைக்கும் பார்கோடு ஏது? பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டை ஏறிய வண்டியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போட்டால் அடித்தட்டுக்குத் தெரிவதே இல்லை. பெரிய சுமையைத் தாங்கச் செய்த கருவி அது. சக்கரம் ஓடும் அதிர்விலேயே சில கிராம் வித்தியாசம் கரைந்துபோகிறது. கண்ணாடிப் பையிலிருக்கும் சீரகத்தையும் சோம்பையும் கேமராவால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை என்பதையும் எங்கள் ஊழியர்கள் ஒத்திகையில் கண்டார்கள்.

அதனால் காய்கறி, கீரை, பூ, வெற்றிலை எல்லாவற்றையும் வழக்கம்போல் காய்கறிப் பக்கத் தராசிலேயே நிறுப்போம். நிறுத்துத் தரும் ஊழியர் ஒட்டும் விலைச் சீட்டில் பார்கோடு இருக்கும். அதை வண்டியிடம் காட்டினால் போதும். அந்தத் தராசு எடை அளவைச் சட்டப்படி சரிபார்த்து வில்லை ஒட்டப்பட்டது. வண்டியின் எடையைக் கொண்டு எந்தப் பொருளுக்கும் விலை போடமாட்டோம். நீங்கள் காட்டியதும் உள்ளே வைத்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. பொருளை வைக்கும்போது வண்டியை ஒரு கணம் நிறுத்தினால் அது சரியாகப் படிக்கும். குழந்தையை உள்ளே உட்கார வைக்க வேண்டாம். கைப்பை, குடை ஆகியவற்றைப் பக்கத்துக் கொக்கியில் மாட்டுங்கள். உள்ளே போட்டால் அடையாளம் தெரியாத பொருள் என்று திரை எச்சரிக்கும். அப்படி எச்சரித்தால் பதற்றம் வேண்டாம். யாரும் உங்களைச் சந்தேகிக்கவில்லை. அருகிலுள்ள ஊழியர் வந்து சரிசெய்து தருவார்.

கேமராவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வது எங்கள் கடமை. அவை கூடைக்குள் மட்டும் பார்க்கும்படி பொருத்தப்பட்டவை. உங்கள் கையும் வளையலும் படத்தில் விழலாம், முகம் விழாது. கடை அடைத்ததும் அன்றைய படங்கள் அழிக்கப்படும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இன்படி, எதற்காகத் தகவல் எடுக்கிறோம் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்: பொருளை அடையாளம் காண, அதற்கு மட்டும். வண்டியைப் பயன்படுத்தக் கைப்பேசி எண்ணோ அடையாள அட்டை எண்ணோ தரத் தேவையில்லை. இத்தகைய திரைகளில் விளம்பரமும் ஓட்ட முடியும். வண்டி தந்த நிறுவனத்திடம் சொல்லி அதை முழுவதுமாக நிறுத்தி வைத்திருக்கிறோம். பருப்பு வாங்க வந்தவரை வேறெதையாவது வாங்கத் தூண்டினால், கையிலுள்ள பணத்துக்குள் வாங்க உதவுகிறோம் என்று நாங்கள் சொல்வதற்கு என்ன பொருள்?

வாங்கி முடித்ததும் திரையில் வரும் கியூஆர் குறியீட்டை முகப்பில் காட்டுங்கள். பொருள்களை மறுபடி எடுத்து வைக்க வேண்டியதில்லை. பேநவ், நெட்ஸ் ஆகிய மின்கட்டண முறைகள், ரொக்கம், அரசு குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு எல்லாம் முன்போலவே செல்லும். அலமாரி விலைக்கும் திரை விலைக்கும் வேறுபாடு இருந்தால், எது குறைவோ அதையே வாங்கிக்கொள்வோம்.

1937இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தியபோது வாடிக்கையாளர்கள் அதைத் தொடவே தயங்கினார்கள். கூலிக்கு ஆள் வைத்துக் கடைக்குள் தள்ளச் செய்துதான் அவர் மக்களைப் பழக்கினார். நாங்கள் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. விருப்பமுள்ளவர்களோடு எங்கள் ஊழியர் ஒருவர் கூடவே நடந்து வந்து காட்டுவார். முதியவர்கள் தயங்காமல் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் நடைவழிகளில் நிற்கவே இடமிருக்காது என்பதால் அன்று இவ்வண்டிகள் வெளியே வரா. தீபாவளி நெரிசலிலும் அப்படியே.

திரை தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய நான்கு மொழிகளில் இயங்கும். வங்காளமும் வேண்டுமென்று கேட்டிருக்கிறோம். தமிழில் பொருள்களின் பெயர்களை எங்கள் ஊழியர்களே எழுதினார்கள். ஏதேனும் பெயர் உங்களுக்கு விளங்கவில்லையென்றால் முகப்பில் சொல்லுங்கள், அன்றிரவே மாற்றிவிடுகிறோம்.

அன்புடன்,
கடை நிர்வாகமும் ஊழியர்களும்