பூட்டிக் கிடக்கும் இரண்டு வகுப்பறைகளை ரோபோட்டிக்ஸ் பணிமனைக்கு ஒப்படைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி, வெண்ணாறு பாசனப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பார்வை: இதே பொருள் குறித்து முன்பு அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளி தங்களுக்குத் தெரியாத இடமல்ல. போன குறுவை அறுவடையின்போது நெல் கொள்முதல் நிலையத்தை ஆய்வு செய்ய வந்தீர்களே, அதற்கு நேர் எதிரே இருப்பதுதான். கட்டடத்தின் தென்கோடியில் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறைகளைப் பற்றி மீண்டும் எழுதுகிறோம். தொந்தரவுக்குப் பொறுத்தருள வேண்டும்.

1. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நிவாரணப் பொருட்கள் வைக்க அந்த அறைகளைக் கேட்டார்கள். மனமுவந்து கொடுத்தோம். பொருட்கள் அப்போதே தீர்ந்துவிட்டன, சாவி மட்டும் திரும்பி வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிழிந்த தார்ப்பாயும் உடைந்த பெஞ்சும்தான் தெரிகின்றன.

2. பள்ளியில் மூன்று ரோபோட்டிக்ஸ் அணிகள் இருக்கின்றன. மோட்டார், சென்சார், கன்ட்ரோலர் எல்லாம் முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். சாமானுக்குக் குறைவில்லை, இடம்தான் இல்லை.

3. இந்த ஒன்றையாவது தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். உலக ரோபோ ஒலிம்பியாட் என்கிற மாணவர் போட்டியில் ரோபோ ஓடுவதற்குப் போடும் விரிப்பு 2,362 மில்லிமீட்டர் நீளம், 1,143 மில்லிமீட்டர் அகலம். அதற்கேற்ற மேசையை ஊர் ஆசாரி எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டில் செய்து கொடுத்தார். அதை வைக்க அறை இல்லாததால், தினமும் பள்ளி விட்ட பிறகு வராந்தாவில் போடுகிறார்கள். வராந்தாவோ தண்ணீர் வடிய வாட்டம் வைத்துக் கட்டியது. மேசைக்காலுக்கு அடியில் அட்டையை மடித்து மடித்துச் செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சரிசெய்யவே அரை மணி போகிறது. இல்லாவிட்டால் ரோபோ பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் வெயில். ரோபோ கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓட வேண்டும். விரிப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை அளந்துதான் சென்சார் கறுப்பு, வெள்ளை கண்டுபிடிக்கிறது. மேற்கு வெயில் சரிந்து விழும்போது எடுத்த அளவு, அது தென்னந்தோப்புக்குப் பின்னால் இறங்கியதும் உதவாது. மறுபடி முதலிலிருந்து அளவெடுக்கிறார்கள். அது முடிவதற்குள் கேட்டைப் பூட்ட ஆள் வந்துவிடுகிறார். உடனே எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்! விரிப்பைச் சுருட்டி, பலகையை நூலகச் சுவரில் சாத்தி, ரோபோவின் கையைக் கழற்றி டிபன் டப்பாவில் போட்டு மூடுகிறார்கள். மறுநாள் மாட்டும்போது ஒரு திருகு குறையும், கியர் ஒரு பல் தள்ளி உட்காரும். முந்தின நாள் ஓடியது அன்று ஓடாது. ஐப்பசி அடைமழையில் வராந்தாவும் கிடையாது. "இன்னிக்கு ஒரு நாள் கழட்டாம அப்படியே வச்சிட்டுப் போலாமா சார்?" என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்கிறாள். ஆசிரியர் என்ன பதில் சொல்வார்? தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

4. பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மாணவர்கள் கருவிகள் செய்து பழக ஒன்றிய அரசு நிதி தரும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு 1,500 சதுர அடி வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். இந்த இரண்டு அறைகளும் சேர்த்தே 800 சதுர அடிதான், அதுவே எங்களுக்குப் போதும். நடுச்சுவரை இடிக்க வேண்டாம். பொறியாளர் பார்த்துச் சம்மதித்தால் ஒரு வாசல் மட்டும் திறக்கலாம். அறுப்பது, துளை போடுவது, ஒயரைப் பற்றவைக்கிற சால்டரிங் எல்லாம் ஓர் அறையில், போட்டி மேசை மற்றதில். தூள் பறந்து கியரில் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிவு. சால்டரிங் புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். மழைக்காலத்தில் இந்தத் தரை ஓதமெடுக்கும் என்பது டெல்டாவில் இருக்கிற தங்களுக்குத் தெரியும், அதனால் பிளக் பாயின்ட் எல்லாம் மேசை மட்டத்துக்கு மேலே. சரியான எர்த்தும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். பேட்டரி சார்ஜ் போட மரப்பலகை ஆகாது, கடப்பாக்கல் மேடை போட்டுப் பக்கத்தில் மணல் வாளி வைக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை. அணிக்கு ஓர் அலமாரி, பாதி வேலையைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே வைக்கிற ஆழத்தில்.

5. செலவுக்கும் அரசிடம் கை நீட்டவில்லை. பள்ளிகளுக்குப் பொதுமக்கள் உதவலாம் என்று 2022-இல் அரசே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. உதவ ஆள் தயார். பூட்டின அறைக்கு எப்படி ஐயா வயரிங் செய்வது?

6. போன மனுவுக்கு முதலில் "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று செல்போனில் செய்தி வந்தது. பிறகு "மனு முடித்துவைக்கப்பட்டது" என்று வந்தது. எதை முடித்தார்கள்? யாரும் வந்து பார்க்கவே இல்லையே! ஓர் அலுவலகத்தில் கேட்டால் சாவி அடுத்த அலுவலகத்தில் என்கிறார்கள், அங்கே போனால் கடிதம் வரவில்லை என்கிறார்கள். புயலன்று வாய்வார்த்தையில் வாங்கிய அறையைத் திருப்பிக் கொடுக்க மட்டும் கடிதம் வேண்டுமாம்.

7. சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா.

வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் இரண்டு அறைகளையும் பள்ளியிடம் ஒப்படைக்க உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். திறக்க வருகிறவர்கள் முந்தின நாள் தகவல் சொன்னால் போதும், உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைக்க ஆட்களும் டிராக்டரும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர் உறுப்பினர்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், அறைகளின் அளவு வரைபடம் (மாணவர்கள் வரைந்தது, உள்ளே போக முடியாததால் வெளிச்சுவரை அளந்தது).