அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடு

தங்கச்சிக்கு,

நேற்றோடு ஒரு வருஷம், அந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை உனக்குக் கொடுத்து. உன் எக்ஸிமாவுக்கு, அந்தத் தோல் அரிப்பு அழற்சிக்கு, போடும் களிம்பு சரியான இடத்தில் படட்டுமே என்றுதான் வாங்கினேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் யார் தோலும் நோண்டத்தான் கூப்பிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன்.

குளியலறைக் கதவை நான் இடித்த அந்த ராத்திரியே நினைவில் நிற்கிறது. நாற்பது நிமிஷம் கழித்துத் திறந்து, "அஞ்சு நிமிஷம்தான்க்கா ஆச்சு" என்றாய். பொய் என்று கத்தினேன். பொய்யில்லை. போனைப் பார்த்தபடி விரல் தானாகத் தடவித் தேடுவது ஒரு வகை. கண்ணாடி முன் ஒரே புள்ளியில் மூழ்குவது இன்னொரு வகை. மூழ்கினால் நேரம் தெரியாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-லேயே இப்படித் தோலை நோண்டுவதைத் தனிக் கோளாறாக, ஓசிடி (வேண்டாமென்றாலும் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனக்கோளாறு) வகையறாவில் சேர்த்துவிட்டது. கெட்ட பழக்கம் என்று உன்னை நான் திட்டியதெல்லாம் அதற்கப்புறம்.

எந்த இடம், எத்தனை தழும்பு என்றெல்லாம் எழுதமாட்டேன். நாலு பேர் படிப்பார்கள்.

ஆனால் நீ செய்ததும் சரியில்லை. டாக்டரிடம் "அரிப்பு" என்று மட்டும் சொன்னாய். புண் ஏன் ஆறவில்லை என்று புரியாமல் அவர் ஸ்டீராய்டு களிம்பின் வீரியத்தைக் கூட்டினார். தோல் மெலிந்து இன்னும் சுலபமாகப் பிய்ந்தது. சொன்னால் திட்டு விழும் என்று பயந்தாய், பயமுறுத்தியது நான்தான். இருந்தாலும் கோபம் போகவில்லை.

எக்ஸிமாவும் நகமும் ஒன்றுக்கொன்று தீனி போடும். நகம் மேல்தோலைக் கிழிக்கும், ஈரம் போகும், கிருமி ஏறும், அழற்சி கூடும், அரிப்பும் கூடும். அதனால் அரிப்பை அடக்காமல் கையை மட்டும் கட்டிப்போட முடியாது. குளித்ததும் துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் போடு. ஸ்டீராய்டு களிம்பு, ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு அது போதும். திடீரென்று அரித்தால் குளிர்ந்த ஈரத்துணி.

பக்குதான் உன் எதிரி. காய்ந்து ஓரம் தூக்கியதும் விரல் நேராக அங்கேதான் போகும். காயவே விடாதே. கழுவி, வாஸலின் தடவி, மூடி வை. இல்லாவிட்டால் புண்ணின் கசிவை உறிஞ்சும் ஹைட்ரோகொலாய்டு ஒட்டு ஒன்றைப் போடு. இரண்டையும் சேர்க்காதே, வாஸலின் மேல் ஒட்டு நிற்காது (நீ தூக்கி எறிந்த பாதி ஒட்டுகளின் கதை அதுதான்). உலர்ந்த தோலில், புண்ணைவிட ஓரம் தாராளமாக இருக்கும்படி ஒட்டு. நடுவில் வெள்ளையாக உப்பினால் சீழ் என்று பதறாதே. கசிவை உறிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். ஓரம் கழலும்வரை, இரண்டு மூன்று நாள், விட்டுவிடு. சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒட்டை எடுத்துவிட்டு அன்றே டாக்டரிடம் போ.

கைக்கு, அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் 1973-ல் எழுதிய பழக்க மாற்றுப் பயிற்சி. முதல் வாரம் எதையும் நிறுத்தாதே. எப்போது, எங்கே உட்கார்ந்து, எந்த விரல், அதற்கு முன் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டே வா. பிறகு விரல் கிளம்பும்போதே முஷ்டியை மடக்கி, ஒரு நிமிஷமாவது, உந்துதல் தணியும்வரை பிடி. பலர் பிய்க்க ஆரம்பித்த பிறகு மடக்கிப் பார்த்துவிட்டு, பலிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சொரசொரப்பைத் தேடி விரல் தடவுகிறதே, மடக்க வேண்டியது அப்போது. தனியாகச் செய்யாதே, இதில் பழகிய மனநல நிபுணரிடம் போ. நான் வாசலோடு நின்றுகொள்கிறேன்.

"கையை எடு" என்று இனி என் வாயில் வராது. ஒரு தடவை வந்துவிடலாம். அப்போது நீ என்னைத் திட்டு.

கண்ணாடியைப் பெட்டியில் போட்டு அனுப்பு. டிராயரின் பின்பக்கம் ஒளித்து வைத்திருக்கும் அந்த ட்வீசரையும் சேர்த்து.

அக்கா