ஹாம்ஸ்டர் தோண்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்லப்பிராணிகள் பக்கத்தில் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு பிராணி பற்றி வந்த கட்டுரையில், அதை மூடிய பிளாஸ்டிக் பந்துக்குள் விட்டுத் தரையில் உருளவிட்டால் நல்ல பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மங்கல். மூக்கையும் மீசையையும் நம்பித்தான் அது நடமாடுகிறது. பந்துக்குள் போட்டுவிட்டால் தரையை மோப்பம் பிடிக்க முடியாது, சுவர் எங்கே வருகிறது என்று தெரியாது, பயந்தால் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. காற்றுக்காக விட்ட இடுக்குகளில் விரலும் நகமும் மாட்டிக்கொள்கின்றன. பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியும் அந்த ஓட்டம், பெரும்பாலும் தப்பிப்பதற்கான ஓட்டம்.

கூண்டுக் கம்பியை விடாமல் கடிப்பது, மேல்கம்பியில் தொங்கித் தொங்கி விழுவது, ஒரே மூலையில் முன்னும் பின்னும் அலைவது, இவற்றையும் சுறுசுறுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். இவை இடமும் வேலையும் போதாத விலங்கின் அடையாளங்கள். அதற்கு வேலை என்றால் முதலில் தோண்டுவது. சிரியாவின் அலெப்போ பகுதி வயல்களில் காட்டுத் தங்கநிற ஹாம்ஸ்டர்களின் வளைகளை அளந்தபோது, சராசரி ஆழம் சுமார் 65 செ.மீ. இருந்தது. 2006இல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வில் இதே இனத்தை 10, 40, 80 செ.மீ. ஆழ விரிப்பில் (கூண்டின் அடியில் தோண்டுவதற்காகக் கொட்டும் மரச்சீவல் போன்றவை) தனித்தனியாக வைத்துப் பார்த்தார்கள். 10 செ.மீ. மட்டும் கிடைத்தவைதான் அதிகமாகக் கம்பியைக் கடித்தன. ஓடுவதற்காகக் கூண்டில் வைக்கும் சக்கரத்திலும் அவையே அதிகம் ஓடின. இரவெல்லாம் சக்கரம் சுற்றுகிறதே என்று மகிழ்வதற்கு முன் விரிப்பின் ஆழத்தை அளந்து பார்ப்பது நல்லது.

தரைப் பரப்பு குறைந்தது 100 x 50 செ.மீ. வேண்டும். அடுக்குமாடிக் கூண்டு பார்க்க அழகுதான், ஆனால் இவை உயரத்தைக் கணிக்கத் தெரியாத பிராணிகள். விளிம்பில் இருந்து நேராகக் காலை வைத்து விழும். கண்ணாடித் தொட்டியோ பெரிய பிளாஸ்டிக் பெட்டியோ, மேலே கம்பிவலை மூடியுடன் இருந்தால் போதும். ஒரு பாதியிலாவது 25 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு விரிப்பு இருக்கட்டும். முடிந்தால் 40.

காகிதத் துகளையோ ஆஸ்பென் மரச்சீவலையோ சும்மா கொட்டிவிட்டால் வளை நிற்காது. தோண்டத் தோண்டச் சரியும், இரண்டு மூன்று நாளில் ஹாம்ஸ்டர் முயற்சியை விட்டுவிடும். 8 செ.மீ. விரிப்பு, அதன்மேல் ஒரு கைப்பிடி உலர்ந்த புல், உள்ளங்கையால் நன்றாக அழுத்தம், மறுபடி விரிப்பு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். புல்லின் நீளமான இழைகள்தான் கூரையைத் தாங்குகின்றன. தொடக்கம் காட்ட ஒரு அட்டைக் குழாயைச் சாய்வாகப் புதைத்துவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். குழாயின் உள்விட்டம் தங்கநிற இனத்துக்கு 7 செ.மீ., குள்ள இனங்களுக்கு 5 செ.மீ. கன்னப்பை நிறையத் தீனியோடு வரும்போது முகம் இரண்டு மடங்கு அகலம் ஆகிவிடும் என்பதை மறந்து வாங்கும் குழாய்களில்தான் அது சிக்கிக்கொள்கிறது. பைன், சீடர் மரத்தூள் வேண்டாம், அவற்றின் நெடி மூச்சுப்பாதையைப் புண்ணாக்கும். 'கூடு கட்ட' என்று விற்கப்படும் பஞ்சு அதைவிட ஆபத்து. இழை காலில் சுற்றி இறுகும். விழுங்கினால் குடல் அடைபடும். மணமில்லாத டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டாலே போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல், பீங்கான் கிண்ணம், மரவீடு, சக்கரம் போன்ற கனமான எதையும் விரிப்பின்மேல் நேராக வைக்கக் கூடாது. அடியில் வளை தோண்டும்போது அது இறங்கி ஹாம்ஸ்டரை நசுக்கிவிடும். தொட்டியின் அடித்தளம்வரை எட்டும் கால்கள் உள்ள சிறு மேடை செய்து, அதன்மேல் வையுங்கள்.

சக்கரம் தங்கநிற இனத்துக்கு 28 செ.மீ. விட்டம், குள்ள இனங்களுக்கு 20 செ.மீ. ஓடும்போது பக்கவாட்டில் இருந்து பாருங்கள். முதுகு நேராக இருந்தால் அளவு சரி. தலை அண்ணாந்து முதுகு கிண்ணம்போல் குழிந்தால் சக்கரம் சிறியது, நாளடைவில் முதுகெலும்பு வலிக்கும். ஓடுதளம் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். கம்பிப் படிகளிலும் வலையிலும் கால் நுழைந்து முறியும். கிறீச்சிட்டால் அச்சில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விடலாம்.

தீனியைக் கிண்ணத்தில் குவித்து வைத்தால் இரண்டே நிமிடத்தில் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய்விடும், அதன்பின் இரவு முழுக்க வேலை இல்லை. அதே தீனியை விரிப்பெங்கும் தூவுங்கள். அட்டைக் குழாயில் நாலு தானியத்தைப் போட்டு இரு முனைகளையும் மடித்து வையுங்கள்: முகர்ந்து, உருட்டி, ஓரத்தைப் பல்லால் கிழித்து, மூக்கை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுக்கும். வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்கள் தேயவும் இது உதவும். டேப், பசை ஒட்டியவை மட்டும் கூடாது. எங்கே ஒளித்தீர்கள் என்பதை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள், கூண்டின் அமைப்பை மாற்றாதீர்கள். அதன் மனத்தில் இருக்கும் வரைபடம் வாசனையால் ஆனது.

மணல் குளியலுக்கு 20 செ.மீ. அகலத் தட்டில் 3 செ.மீ. சுத்தமான நுண்மணல். பொடியாகப் பறக்கும் தூள் வேண்டாம், நுரையீரலைக் கெடுக்கும். பல ஹாம்ஸ்டர்கள் மணலின் ஒரு மூலையையே கழிப்பிடமாக்கிக்கொள்ளும், நமக்கும் சுத்தம் செய்வது எளிது. நனைந்த இடத்தை மட்டும் அவ்வப்போது எடுங்கள். விரிப்பு முழுவதையும் வாரந்தோறும் மாற்றி, சேர்த்துவைத்த தீனியையும் அள்ளி எறிந்தால், கட்டிய வீட்டை நாமே இடித்ததாகும். மாற்றும்போது பாதிக்கு மேல் பழைய விரிப்பு இருக்கட்டும். தீனிக் குவியலில் அழுகும் காய்கறித் துண்டுகளை மட்டும் அகற்றினால் போதும்.

வெளியே விடுவதற்கு, 50 செ.மீ. உயர வழவழப்பான பலகைகளால் அடைத்த இடம், உள்ளே ஒளிய இரண்டு பெட்டி, 20 முதல் 30 நிமிடம். தூக்கி விடாமல், ஒரு குவளையையோ குழாயையோ நீட்டி அதுவே ஏறும்வரை பொறுத்திருங்கள். இதெல்லாம் மாலை இருட்டிய பின்தான். பகலில் தூங்குவதை எழுப்பினால் கடிக்கும், கடிப்பதில் தவறும் இல்லை.

துணைக்கு இன்னொன்று வாங்கிவிட வேண்டாம். தங்கநிற ஹாம்ஸ்டர் தனியே வாழும் இனம். வளர்ந்தபின் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் சாகும்வரை சண்டையிடும்.

வழக்கமாகத் தோண்டி, ஓடி, தேடிக்கொண்டிருந்தது திடீரென்று ஒடுங்கிப்போனால் அதைச் சலிப்பு என்று எண்ணிப் புதுப் பொம்மை வாங்கப் போகாதீர்கள். வால்பகுதி ஈரமாக இருக்கிறதா, மூச்சு வேகமா, தீனி தொடாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்த ஈரம் வயிற்றுப்போக்கின் அடையாளம், அது ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். அறை மிகக் குளிர்ந்திருந்தால் அசையாமல் சில்லிட்டுக் கிடக்கும், இறந்துவிட்டது என்று புதைத்துவிடாதீர்கள். மெல்ல மெல்லச் சூடேற்றி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஹாம்ஸ்டர் வளர்ப்போர்