பாப்பாவுக்கு எந்தப் பேனா?

சாத்தூர்

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, சாயங்காலம் பெருமாள் கோயில் வரை நடந்துவிட்டு வருகிறார். வெயில்தான் தாங்க முடியவில்லை. நீ, மாப்பிள்ளை, பாப்பா எல்லோரும் சௌக்கியம்தானே?

பாப்பா இனிமேல் இங்க் பேனாவில் எழுதவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள், அவளோ இடது கை, ஒரு பக்கம் முடிவதற்குள் கை விளிம்பெல்லாம் நீலமாகிறது, பால்பாயிண்டுக்கு அனுமதி கேட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

அனுமதி கேட்காதே. இங்க் பேனாவிலேயே எழுதட்டும்.

பால்பாயிண்ட் முனையில் இருக்கிற குண்டு உருண்டால்தான் மை வரும். உள்ளே இருப்பதோ எண்ணெய்ப் பசை மாதிரியான மை. அதனால் அழுத்தவும் வேண்டும், பேனாவைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கவும் வேண்டும். நமக்குப் பழகிப்போய்விட்டது, தெரிவதில்லை. சின்னப் பிள்ளை எழுதும்போது ஆள்காட்டி விரலைப் பார், நகத்தடி வெளுத்திருக்கும். தாளைத் திருப்பித் தடவினால் எழுத்தெல்லாம் புடைத்து நிற்கும். உன் ஐந்தாம் வகுப்பு நோட்டு பரணில் இருக்கிறது, அதுவும் இப்படித்தான். இங்க் பேனாவில் நிப்புக் கீறல் வழியாக மை முனைவரைக்கும் வந்து நிற்கும். தாளில் பட்டால் போதும், தாளே இழுத்துக்கொள்ளும். அழுத்தினால் நிப்பின் இரண்டு காலும் விரிந்து கோடு தடித்துவிடும். அப்போது யாரும் சொல்லாமலே பிள்ளை கையைத் தளர்த்திவிடும்.

இடது கை விஷயம் கொஞ்சம் வேறு. நாமெல்லாம் நிப்பை இழுத்துக்கொண்டு போகிறோம், இடது கைக்காரர்கள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தள்ளினால் முனை தாளில் குத்தும். அதோடு ஈர எழுத்தின்மேலேயே கை நகர்கிறது. எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர் ஒருவர் இடது கைக்காரர். பேரேட்டை மேல் விளிம்பு வலப்பக்கம் போகிற மாதிரி சாய்த்து வைத்துக்கொண்டு, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதுவார். அவ்வளவு பெரிய பேரேட்டைச் சாய்த்தால் மேஜை கொள்ளாது, பக்கத்து ஆள் முழங்கையில் இடிக்கும். ஆனால் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும், ஒரு இடத்தில் இழுவல் இருக்காது. பாப்பாவையும் அப்படி உட்காரவை. கையை மேலே வளைத்துக் கொக்கி போட்டு எழுதப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். ஊருக்கு வந்தபோது உன் பெரியத்தை "பீச்சாங்கையில எழுதுதே பிள்ளை" என்று முகம் சுளித்ததையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. கையை மட்டும் மாற்றாதே.

பேனா வாங்க நீ எங்கேயும் அலைய வேண்டாம். லாமி கம்பெனி நீ இருக்கிற ஹைடல்பெர்க்கிலேயே 1930இல் தொடங்கியதுதானே. இப்போது ஜப்பான் மிட்சுபிஷி பென்சில்காரர்கள் வாங்கிவிட்டார்கள், 2024இல். கார் மிட்சுபிஷி வேறு, இது வேறு என்று மாப்பிள்ளை அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவர்களிடம் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கென்றே மர உடம்போடு ஏபிசி என்று ஒரு பேனா உண்டு. அதற்குப் போடும் நிப்பில் 'ஏ' என்று பொறித்திருக்கும், முனை சற்று உருண்டையாக இருக்கும், எந்தச் சாய்வில் பிடித்தாலும் குத்தாது. இடது கைக்கு 'எல்எச்' என்று தனி நிப்பும் உண்டு. இரண்டையும் எழுதிப் பார்க்கச் சொல். பெலிக்கான் கம்பெனியின் பெலிக்கானோவும் 1960லிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வருகிற பேனாதான், அதுவும் நல்ல பேனா. எதுவானாலும் ஆன்லைனில் ஆர்டர் போடாதே. கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் கையில் கொடு.

கடையில் பேனாவைச் சோதிக்க நம்மூரில் என்ன எழுதுவோம்? பிள்ளையார் சுழி. பக்திக்காக இல்லாவிட்டாலும் அதைத்தான் எழுதிப் பார்க்க வேண்டும். 'உ' சின்னச் சுழியில் தொடங்கி, மேலே வளைந்து, கீழே இறங்கி, கடைசியில் வலப்பக்கம் நீளமாக ஓடுகிறது. நிப்பு போகவேண்டிய திசையெல்லாம் அந்த ஓர் எழுத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. முரட்டு நிப்பாக இருந்தால் தொடக்கச் சுழியிலேயே 'கிர்' என்று சத்தம் கேட்கும். மை சரியாக இறங்காத நிப்பென்றால் கடைசி நீட்டலில் கோடு வெளிறும். கையெழுத்துப் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள், வேகமாகக் கிறுக்கினால் எந்தப் பேனாவும் எழுதும்.

இன்னொன்று, பாப்பா சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கும் போகிறாள் இல்லையா? அப்படியானால் தடித்த நிப்பு வேண்டாம். நீ எனக்கு வாங்கி அனுப்பிய நீல லாமி சஃபாரி பேனாவில் நடுத்தர நிப்பு. ஜெர்மன்காரர்களுக்குச் சரி. நான் 'கண்ணன்' என்று எழுதினால் மூன்று சுழி ண அடைந்துபோய்க் கரும்பொட்டாக நிற்கிறது. பிடிக்கிற இடத்தை முக்கோணமாகச் செதுக்கி, விரலை இப்படித்தான் வை என்று வேறு சொல்கிறது. பிள்ளைகளுக்கு நல்லது, என் வயசில் என் விரலை யாரும் திருத்த வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன், பேங்குக்குப் போகும்போது சட்டைப்பையில் தெரிகிற மாதிரி குத்திக்கொண்டு போகிறார். நான் பழைய சீனா ஹீரோ பேனாவிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்தக் கடிதமும் அதில்தான். நிப்பு பேனா உடம்புக்குள் ஒளிந்து மூக்கு மட்டும் தெரியுமே, அது. கோடு மெலிசு, 'ஞ', 'ணை' எல்லாம் பிரிந்து பிரிந்து விழும்.

சாத்தூர் நிப்பு ஊர் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறாயா? காராச்சேவும் வெள்ளரிக்காயும் சொல்லியிருப்பாய், நிப்பைச் சொல்லியிருக்க மாட்டாய். எனக்கு நினைவு தெரிந்த நாளில் தெருவுக்குத் தெரு நிப்புப் பட்டறை. தகட்டை வெட்டுவது, நடுவில் ஓட்டை போடுவது, வளைப்பது, கீறுவது, முனை தீட்டுவது என்று கைமாறிக் கைமாறிப் போகும். கீறல் போடுவதுதான் நுணுக்கம். ஓட்டையின் நட்டநடுவில் போய் முடியவேண்டும். மயிரிழை விலகினாலும் ஒரு கால் தடித்து ஒரு கால் மெலிந்து, அந்த நிப்பு ஒரு பக்கமாகவே கீறிக்கொண்டிருக்கும். விலை உயர்ந்த நிப்பு முனையில் இரிடியம் என்று சொல்கிற கடின உலோகப் பொட்டு இருக்கும். மலிவு நிப்புக்கு அது ஏது? தகட்டு முனையையே மடித்து உருட்டியிருப்பார்கள். எழுத எழுத அது அவரவர் கைச் சாய்வுக்கு ஏற்பத் தேய்ந்து வரும். அதனால்தான் அப்போதெல்லாம் பேனாவை இரவல் கொடுக்க மாட்டார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதே, இரவல் போன பேனா வேறு கைக்குத் தேய்ந்து வரும். தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற பேனா வந்த பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. தாத்தா வீட்டுக்கு எதிரில் இருந்தது இப்போது டைல்ஸ் குடோன்.

பால்பாயிண்டை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதே. அதற்கென்று வேலை இருக்கிறது. சங்கத்தில் ரசீதுப் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதும்போது அழுத்தினால்தான் அடிப்பிரதியில் விழும். இங்க் பேனாவை வைத்து அழுத்தினால் நிப்பு வாயைப் பிளந்துவிடும். வெள்ளை உடம்பு, நீல மூடி ரெனால்ட்ஸ் 045 எத்தனை தேய்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மலிவு நோட்டில் தண்ணீர் மை ஊறிப் பின்பக்கம் தெரியும், பால்பாயிண்டில் அந்தத் தொல்லை இல்லை. தபால் உறையில் விலாசமும் அதில்தான் எழுதுவேன். மழையில் நனைந்தால் இங்க் கரைந்து உன் தெருப் பெயர் காணாமல் போய்விடும். அந்த ஊர்த் தெருப் பெயர்கள் நனையாமலே படிக்க முடியவில்லை.

வீட்டுக் கணக்குக்கு மட்டும் பென்சில்தான். பால் கணக்கைச் சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில் எழுதுகிறேன் இல்லையா, பால்பாயிண்டில் எழுதினால் இரண்டு தேதிக்குப் பிறகு நின்றுவிடுகிறது. பேனா படுத்தவாக்கில் இருப்பதால் மை குண்டுப் பக்கம் இறங்குவதில்லை. பென்சிலுக்கு மேலும் இல்லை கீழும் இல்லை. பால்காரர் அரை லிட்டர் குறைத்துக் கொடுத்தால் அழித்துத் திருத்தவும் வசதி. நடராஜா அப்சராவா என்று நீயும் தம்பியும் அடித்துக்கொள்வீர்களே, இரண்டும் ஒரே கம்பெனிதான், 1958இல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் பென்சில்ஸ். அந்தச் சண்டையில் ஒரு ஸ்கேல் உடைந்தது. நீ நூரம்பெர்க் போய் வாங்கி வந்த ஸ்டெட்லர் நல்ல பென்சில், சீவினால் முனை ஒடிவதில்லை, ஆனால் எச்பி என் கண்ணுக்கு வெளிறித் தெரிகிறது. கிராஃபைட்டோடு சேர்க்கிற களிமண் கூடினால் பென்சில் கடினம், குறைந்தால் மென்மை, கறுப்பும் கூடும். அடுத்த தடவை 2பி பார். பாப்பாவும் வீட்டில் எழுதிப் பழக 2பி எடுத்துக்கொள்ளட்டும், அழுத்தாமலே கறுப்பாக விழும்.

மைக்கறைக்குப் பயப்படாதே. அங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ராயல் ப்ளூ மை, துணியில் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசினாலே பெரும்பாலும் போய்விடும். கறுப்பு, பெர்மனென்ட் என்று போட்டதெல்லாம் வாங்காதே. ராயல் ப்ளூவை மறையவைக்க ஒரு அழிப்பான் பேனா இருக்கிறதாமே, ஒரு முனை நீலத்தை மறைக்கும், மறு முனையால் அதன்மேல் எழுதலாம் என்று பாப்பா வீடியோ காலில் காட்டினாள். எனக்குப் பிடிக்கவில்லை. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதச் சொல். சங்கத்தில் அழித்துத் திருத்தினால் ஆடிட்டர் விடமாட்டார், அந்தப் பழக்கம்.

பேனாவை அவ்வப்போது பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். தாத்தாவிடம் எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் செய்த பேனா ஒன்று இருந்தது, பீப்பாவில் நேரே சொட்டுச் சொட்டாக மை ஊற்றுகிற ரகம். மை குறைந்து உள்ளே காற்று கூடினால் கைச்சூட்டில் காற்று விரிந்து மையைக் கக்கும், அதனால் தாத்தா பாதி குறைவதற்குள் ரொப்பிவிடுவார். விமானத்திலும் இதே கதைதான். மேலே போகப் போகக் கேபின் அழுத்தம் குறையும், பேனாவுக்குள் இருக்கிற காற்று மையை வெளியே தள்ளும். ஊருக்கு வரும்போது பாப்பா பேனாவை முழுசாக ரொப்பியோ முழுசாகக் காலி செய்தோ, நிப்பு மேலே பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு வா. பட்டுப்பாவாடை இருக்கிற பையில் வைக்காதே.

எனக்கென்று பேனா எதுவும் வாங்காதே. அப்பா சஃபாரிக்கு மட்டும் டி10 என்று போட்ட கார்ட்ரிட்ஜ், அதுதான் உள்ளே செருகுகிற மைக் குழாய், ஒரு பெட்டி கொண்டு வா. லாமிக்கு லாமி கார்ட்ரிட்ஜ்தான் பொருந்தும், வேறு எதையாவது எடுத்துவிடாதே. சாத்தூரில் கிடைக்கவில்லை, சிவகாசிக்குப் போனவரும் வெறுங்கையோடு வந்தார். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: காராச்சேவு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல். மாப்பிள்ளைக்குக் காரம் குறைத்துத் தனியாகப் போடச் சொல்ல வேண்டும்.