கடலில் இறங்குவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை: கடற்கரைப் பாதுகாப்புத் திட்டத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கடற்கரைக்கு வரும் ஏறத்தாழ அனைவரிடமும் இன்று கைப்பேசி இருக்கிறது. இருந்தும், அன்றைய கடல் எப்படி இருக்கிறது, எந்த இடத்தில் இறங்கலாம், எங்கே இறங்கவே கூடாது என்ற செய்தி அவர்கள் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. இந்தக் குறையைப் போக்குவதற்காக எங்கள் குழு ஒரு திட்டத்தை வகுத்திருக்கிறது. அதை நிறைவேற்ற உங்கள் பொருளுதவியை நாடி இம்மடலை எழுதுகிறோம்.

2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. ஆறு, குளம், கிணறு என எல்லா நீர்நிலைகளிலும் நேர்ந்த இறப்புகள் இதில் அடங்கும். கடற்கரையைப் பொறுத்தவரை, நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் ஏமாற்றிவிடும் ஆபத்து ஒன்று உண்டு. ரிப் கரண்ட் என்று உயிர்காப்பாளர்கள் குறிப்பிடும் இழுவை நீரோட்டமே அது.

அலைகள் மணல்திட்டுகளின் மீது உடைந்து கரைப்பக்கம் தள்ளும் நீர், திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களின் வழியாகவோ, பாறைகளையும் தடுப்புச் சுவர்களையும் ஒட்டியோ, குறுகலான ஓட்டமாகக் கடலுக்குத் திரும்புகிறது. அதன் வேகம் நொடிக்கு 2.4 மீட்டர் வரைகூட அளக்கப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தை எதிர்த்துப் போட்டி நீச்சல் வீரராலும் கரை சேர முடியாது. பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை குறைவாக உடைகிறது. ஆகவே அந்த இடமே மற்ற இடங்களைவிட அமைதியாகத் தோன்றுகிறது, குழந்தைகளோடு வருபவர்கள் அதையே தேர்ந்தெடுத்து இறங்குகிறார்கள். இந்த நீரோட்டம் ஒருவரை அடிக்கு இழுப்பதில்லை, கரையிலிருந்து விலக்கிக்கொண்டு போகிறது. பதற்றத்தில் கரையை நோக்கியே நீந்திச் சோர்ந்துபோவதுதான் உயிரைப் பறிக்கிறது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்று தெரிந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

இந்த நீரோட்டத்தைக் கண்டுகொள்ளும் வழி ஒன்று நெடுநாளாகவே உள்ளது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராப் ஹோல்மனும் அவருடைய குழுவினரும் 1980-களிலேயே, உயரமான இடத்திலிருந்து கரையைத் தொடர்ந்து படமெடுத்து, சுமார் 10 நிமிடப் படங்களை ஒன்றாகச் சேர்த்துச் சராசரிப் படம் உருவாக்கும் முறையை வளர்த்தார்கள். அப்படிச் சேர்த்த படத்தில் அலை உடையும் இடங்கள் வெள்ளைப் பட்டையாகவும், நீரோட்டம் செல்லும் பள்ளங்கள் அந்தப் பட்டையைக் கிழித்துச் செல்லும் கருமையான இடைவெளிகளாகவும் தெரியும். அன்று தனிக் கேமராவும் கணினியும் தேவைப்பட்ட இவ்வேலையை இன்று ஒரு சாதாரணத் திறன்பேசியே செய்துவிடும். ஆஸ்திரேலியாவில் 2017-இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்நாப் திட்டத்தில், கரையோரம் நிறுத்திய தாங்கியில் பொதுமக்கள் தங்கள் கைப்பேசியை வைத்து எடுக்கும் படங்களைக் கொண்டே கடற்கரையின் மாற்றங்களை ஆய்வாளர்கள் அளந்து வருகிறார்கள்.

எங்கள் திட்டமும் இந்த எளிமையையே நம்புகிறது. உயிர்காப்பாளர் கோபுரத்தின் உச்சியில், சூரிய மின்சக்தியில் இயங்கும் திறன்பேசி ஒன்றைப் பொருத்துவோம். அது உருவாக்கும் சராசரிப் படத்தை உயிர்காப்பாளர் பார்த்து, தம் கண்ணால் கடலையும் கவனித்து, எந்தப் பகுதி ஆபத்தானது என்பதை முடிவு செய்வார். கருவி தானாக எந்த முடிவும் எடுக்காது. அவருடைய முடிவு, நுழைவாயில்களிலும் வாகன நிறுத்துமிடத்திலும் வைக்கப்படும் பலகைகளின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்பவருக்கு உடனே தெரியும். செயலி எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. கூட்டம் மிகும் விடுமுறை நாட்களில் இணைய வேகம் குறைந்துவிடும் என்பதால், அந்தப் பக்கம் மிகச் சிறியதாக, படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் படங்களோடு அமையும். இணையம் இல்லாதவர்கள் குறுஞ்செய்தி அனுப்பியும் கேட்கலாம். ஒன்றில் மட்டும் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்: குறித்த நேரத்துக்குள் தகவல் புதுப்பிக்கப்படாவிட்டால், "இன்றைய நிலை தெரியவில்லை, இறங்க வேண்டாம்" என்று பக்கம் தானாகவே மாறிவிட வேண்டும். காலையில் காட்டிய பச்சை நிறத்தை நம்பி மாலையில் ஒருவர் இறங்குவது, எச்சரிக்கையே இல்லாததைவிட மோசமானது.

அடுத்தது, ஆபத்து நேர்ந்தபின் உதவி கோருவது. பல கிலோமீட்டர் நீளமுள்ள மணற்பரப்பில் நின்றுகொண்டு அவசர எண்ணை அழைப்பவரால் தாம் இருக்கும் இடத்தைச் சொல்ல முடிவதில்லை. திறந்த வானத்தின் கீழ்த் திறன்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும். பல நாடுகளில் அவசர அழைப்போடு இருப்பிடமும் தானாகவே போய்ச் சேருகிறது. எனினும் எல்லாக் கைப்பேசியிலும் இவ்வசதியை எதிர்பார்க்க இயலாது. ஆகவே கரை நெடுகப் பெரிய எண்கள் எழுதிய கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றிலும் மிதவை வளையமும் கயிறும் மாட்டிவைக்க இருக்கிறோம். காப்பாற்றக் குதித்தவரும் மூழ்கிப்போகும் துயரம் அடிக்கடி நேர்கிறது என்பதால், "குதிக்காதீர்கள், மிதவையை எறியுங்கள்" என்ற வரி கம்பத்திலும் கைப்பேசித் திரையிலும் முதலில் இருக்கும்.

கைப்பேசியால் ஆகாதவற்றையும் நன்கொடையாளர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதன் அலைவரிசை உப்புநீருக்குள் ஊடுருவாது. நீர்புகாத் தன்மைக்கான தரச் சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை. நீந்துபவர் அதை உடன் கொண்டு செல்வதால் பாதுகாப்பு வந்துவிடாது. கைப்பேசியில் மூழ்கிய பெற்றோர் தண்ணீரில் இருக்கும் பிள்ளைகளைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று ஜெர்மனியின் உயிர்காப்போர் சங்கம் 2018-இல் எச்சரித்தது. ஆகவே எங்கள் பக்கம் தகவலைச் சொன்ன கையோடு, கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளும். கருவி வந்துவிட்டது என்று உயிர்காப்பாளர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் எந்த யோசனையையும் இக்குழு ஏற்காது.

நீங்கள் தரும் தொகை கம்பங்கள், மிதவைகள், பலகைகள், சூரியத் தகடுகள், உயிர்காப்பாளர்களுக்கான பயிற்சி ஆகியவற்றுக்குச் செலவாகும். உப்புக்காற்று உலோகத்தையும் மின்னிணைப்புகளையும் விரைவில் அரித்துவிடுவதால், நிதியின் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்றே தனியாக ஒதுக்குகிறோம். திறப்பு விழாவோடு கைவிடப்பட்ட திட்டங்களின் வரிசையில் இதுவும் சேர்ந்துவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை. பணமாகத் தர இயலாதவர்கள், கேமரா நன்றாக இயங்கும் பழைய திறன்பேசிகளை அவற்றிலுள்ள சொந்தத் தகவல்களை அழித்துவிட்டுத் தரலாம். மென்பொருள், மின்பணி, மொழிபெயர்ப்பு தெரிந்தவர்கள் தங்கள் உழைப்பைத் தரலாம். குறியீட்டை ஸ்கேன் செய்பவர்களின் பெயர், எண், இருப்பிடம் எதையும் சேமிக்க மாட்டோம். கோபுரப் படங்களில் முகங்கள் அடையாளம் தெரியாதபடி படத்தின் தெளிவு குறைக்கப்படும்.

ஜூலை 25-ஐ உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2021-இல் அறிவித்தது. வரும் ஜூலை 25-க்குள் முதல் கட்டமாக, மக்கள் அதிகம் இறங்கும் பகுதியில் கம்பங்களை நட்டுவிட விரும்புகிறோம். நன்கொடைகளைக் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தியோ, பொருளாளரிடம் நேரில் கொடுத்தோ, உரிய ரசீதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். தொகை சிறிதாயினும் ரசீது தரப்படும். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உயிர்காப்பாளர் கோபுரத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அதில் ஐயம் எழுந்தால் யாரும் குழுவிடம் விளக்கம் கேட்கலாம்.

இப்படிக்கு,
கடற்கரைப் பாதுகாப்புத் திட்டக் குழுவினர்