மூடும் தேதி மட்டும் போதாது, தொழிலாளர் பட்டியலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலக்கரி பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டு கட்சிதான். ஒரு பக்கம் உடனே மூடு என்கிறார்கள், இன்னொரு பக்கம் மூடினால் தொழிலாளி குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்கிறார்கள். இரண்டு தரப்பும் தொழிலாளியைப் பற்றிப் பாதிதான் பேசுகின்றன.

மின்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இன்றும் நிலக்கரியில் இருந்து வருகிறது, இந்தியாவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. பொழுது சாய்ந்து சூரியத் தகடுகள் ஓய்ந்த நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் விசிறியும் ஓடத் தொடங்கும். பேட்டரிகள் போதிய அளவு வரும்வரை அந்தச் சுமையில் பெரும்பகுதியை அனல்மின் நிலையம்தான் தாங்கியாக வேண்டும். அதே சமயம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியே போகிறது, சாம்பல் தனி. என்றைக்கும் இப்படியே ஓட்ட முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். நிலக்கரி வேலைகளைச் சூரிய ஒளியும் காற்றாலையும் பறித்துவிட்டன என்பவர்கள் அமெரிக்கக் கணக்கைப் பார்க்கட்டும். 1923இல் அங்கே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். உற்பத்தி உச்சத்தைத் தொட்டது 2008இல், அப்போது தொழிலாளர்கள் ஒரு லட்சம்கூட இல்லை. திறந்தவெளிச் சுரங்கமும் ராட்சத மண்வாரி இயந்திரங்களும் வந்து, கரி கூடக் கூட ஆள் குறைந்துவிட்டது. நம் மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவிலும் இதே போக்குதான், உற்பத்தி ஏற ஏற நிரந்தர ஊழியர்கள் குறைந்தார்கள், பெரும்பகுதி வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது.

இந்த ஒப்பந்தத் தொழிலாளிதான் யார் கண்ணிலும் படுவதில்லை. அனல்மின் நிலையத்தில் கன்வேயர் பெல்ட் ஓடும் நீளம் முழுக்கக் கரி சிந்திக்கொண்டே இருக்கும், அதற்கு அடியில் குனிந்து மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போடுபவர் அவர். பாய்லருக்குக் கீழே சாம்பல் கட்டிக்கொண்டால் நீளக் கம்பியை விட்டுக் குத்தி இறக்குபவரும் அவர்தான், முகத்தில் கட்டிய துணி ஷிப்ட் முடிவதற்குள் கறுத்துப்போகும். நிலையத்தின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் இருக்கும், ஒப்பந்தக்காரர் மாறினால் அதுவும் போச்சு.

தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி அனல்மின் நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டபோது இதுதான் நடந்தது. நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களில் இடம் கிடைத்தது. ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் வேலையை இழந்தார்கள், அவர்களை நம்பிக் கடை வைத்திருந்தவர்களுக்கும் அடி. மாற்றுத் திட்டங்களுக்கான உலக வங்கி நிதிக்கே மூடிய சில நாட்கள் கழித்துத்தான் ஒப்புதல் வந்தது, மூடிய நாளில் அந்த வேலைகள் தயாராக இல்லை.

முன்கூட்டியே சொல்லிச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் 1984இல் இருபது சுரங்கங்களை மூடப்போவதாகத் திடீரென்று அறிவித்தார்கள், ஒரு வருடம் வேலைநிறுத்தம், பல சுரங்க ஊர்கள் அதிலிருந்து இன்னும் மீளவில்லை. அதே நாடு 2015இல், பத்து ஆண்டுக்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவோம் என்று அறிவித்தது, கடைசி நிலையமான ராட்க்ளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று ஓய்ந்தது. வேறு வேலை தேடவும் பயிற்சி எடுக்கவும் அங்கிருந்தவர்களுக்கு வருடக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. ஜெர்மனியும் தன் கருநிலக்கரிச் சுரங்கங்களை 2018க்குள் மூடுவது என 2007லேயே தொழிற்சங்கங்களோடு பேசி முடித்துக்கொண்டது, ஒருவரையும் கட்டாயமாக வெளியேற்றவில்லை. இதற்கெல்லாம் பணம் நிறையவே ஆகும், அதை மறைக்க வேண்டியதில்லை.

பசுமை வேலைகள் வரும் என்ற பதில் எனக்குப் போதவில்லை. சூரிய மின் பூங்கா அமைக்கும்போது நிறைய ஆள் வேண்டும், அமைத்து முடித்தால் தகடு துடைக்கவும் காவலுக்கும் பராமரிப்புக்கும் கொஞ்சம் பேர் போதும். அதுவும் நிலக்கரி இருந்த ஊரில் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. அந்த ஊர்களில் பல இடங்களில் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் எல்லாமே சுரங்க நிறுவனம் நடத்துவது, மூடிய பிறகு அவற்றை யார் ஏற்பது? ஆனால் பழைய நிலையங்களில் நிலமும், மின்தொகுப்போடு இணைந்த கம்பித்தடமும் தயாராக இருக்கின்றன. பேட்டரி நிலையங்களை அங்கேயே வைத்தால் கொஞ்சம் பேருக்காவது ஊரை விட்டுப் போகாமல் வேலை கிடைக்கும்.

என் கோரிக்கை இதுதான். ஒரு நிலையத்துக்கு மூடும் ஆண்டு குறிக்கும்போதே, அதில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், அவர்கள் வயது என்ன, என்ன வேலை தெரியும் என்று கணக்கெடுத்துவிட வேண்டும். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று அப்போதே சரிபார்த்தாக வேண்டும், ஒப்பந்தக்காரர் போன பிறகு தேடினால் ஒன்றும் கிடைக்காது. மூடும் அறிவிப்பு வரும்போது உங்கள் செய்தியாளர்கள் எத்தனை மெகாவாட் குறையும் என்று கேட்பதோடு இந்தப் பட்டியலையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்